மின்சாரம் எப்போது வரும் என்பது மட்டும்தான் கேள்வியா?

சூரியனில் நடப்பதுபோல லேசான அணுக்கருக்களை ஒன்றிணைத்து ஆற்றல் பெற முயலும் அணுக்கரு இணைவு ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ‘மின்சாரம் எப்போது வரும்?’ என்று கேட்டுவிடுகிறார்கள். 1955-ல் ஜெனீவா அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இருபது ஆண்டுகளில் வழி பிறந்துவிடும் என்று நம்பினார். எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே இது வீண் செலவு என்று முடித்துவிடுகிறார்கள். இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பிரான்சில் ஏழு தரப்புகள் சேர்ந்து கட்டிவரும் ஈட்டர் என்ற சோதனை இணைவு உலையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயு, 15 கோடி டிகிரியில் கொதிக்க வேண்டும். அதிலிருந்து சில மீட்டர் தள்ளி, அதைப் பிடித்துவைக்கும், மின்தடையே இல்லாத மீக்கடத்திக் காந்தங்கள் மைனஸ் 269 டிகிரியில் உறைந்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள எஃகு, வெற்றிடம், ஹீலியம் குழாய்கள், மின்வழங்கிகள் எல்லாவற்றையும் யாராவது செய்துதானே ஆக வேண்டும்? செய்யக் கற்றுக்கொண்ட நாட்டிடம் அந்தத் திறன் தங்கிவிடும், உலை எந்த ஆண்டில் எரியத் தொடங்கினாலும் சரி.

அந்த உலை முழுவதையும் உள்ளடக்கும் கிரையோஸ்டாட் என்ற வெற்றிடக் கலம் நம்முடையது. 29 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட அதே விட்டம், 3,850 டன் எடை. குஜராத்தின் ஹசிராவில் லார்சன் அண்ட் டூப்ரோ அதை 54 துண்டுகளாகச் செய்து கப்பலேற்றியது. அங்கே கொண்டுபோய் ஒன்றாக வெல்டிங் செய்து, 1,250 டன் அடிப்பகுதியை 2020 மே மாதம் குழிக்குள் இறக்கினார்கள். திட்டத்தில் நம் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம்தான். ஆனால் அதிலிருந்து பிறக்கும் அறிவு முழுவதிலும் நமக்கு உரிமை உண்டு. இதைவிட நல்ல ஒப்பந்தம் எங்கே கிடைக்கும்?

உலோகத்தின் கதை இன்னும் சுவையானது. இணைவில் பிறக்கும் நியூட்ரான்கள் சுவரைத் துளைத்து, எஃகையே கதிரியக்கம் உள்ளதாக மாற்றிவிடும். எனவே எஃகில் மாலிப்டினத்துக்குப் பதிலாக டங்ஸ்டனையும் நியோபியத்துக்குப் பதிலாக டான்டலத்தையும் சேர்க்கிறார்கள். அப்போது கதிரியக்கம் ஒப்பீட்டளவில் விரைவாகத் தணிந்துவிடும். அந்த எஃகின் இந்திய வடிவத்தை உருவாக்கியதில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எரிபொருளுக்கும் வழி தேட வேண்டும். எரிபொருள்களில் ஒன்று டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன். அது 12.3 ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். இயற்கையில் அநேகமாக இல்லை. நம் கனநீர் அணு உலைகளில் கொஞ்சம் உருவாகிறது, அது போதாது. உலைச் சுவரிலேயே லித்தியத்தை வைத்து, நியூட்ரான் மோதி டிரிட்டியம் விளையச் செய்ய வேண்டும். இதற்கு ஈய-லித்தியத் திரவமும் லித்தியப் பீங்கானும் சேர்ந்த ஓர் அமைப்பை நம் விஞ்ஞானிகள் வகுத்திருக்கிறார்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

என் வருத்தம் இதுதான். காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆதித்யா என்ற இணைவு ஆய்வு இயந்திரம் 1989-ல் இயங்கத் தொடங்கியது. மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட எஸ்.எஸ்.டி.-1 இயந்திரத்தில் 2013-ல் பிளாஸ்மா உருவானது. அதற்கடுத்த பெரிய இயந்திரம் நம் மண்ணில் இன்னும் எழவில்லை. சீனாவின் ஈஸ்ட் இயந்திரம் 2006-ல் தொடங்கி, 2025 ஜனவரியில் பிளாஸ்மாவை 1,066 விநாடிகள் அணையாமல் நிலைநிறுத்திக் காட்டியது. அவர்கள் அதோடு நிற்கவில்லை, அடுத்த இயந்திரத்தையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு இயந்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நீண்ட இடைவெளி விழுந்தால், பழகிய கைகள் வேறு வேலைக்குப் போய்விடும். ஒரு வெல்டரின் கைப்பழக்கத்தைக் கோப்பில் எழுதி வைக்க முடியாது.

ஈட்டரில் டியூட்டிரியம் என்ற கன ஹைட்ரஜனையும் டிரிட்டியத்தையும் இணைக்கும் எரிப்பு 2039-ல்தான் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை காத்திருந்து பார்ப்போம் என்று நம் அரசு இருந்துவிடக் கூடாது. ஹசிராவில் அந்த 54 துண்டுகளைச் செய்தவர்கள் ஓய்வு பெறுவதற்குள், நம் சொந்த இயந்திரத்துக்கான வரைபடம் அவர்கள் மேசைக்கு வந்து சேர வேண்டும்.