திசை மாறாது, டை ராடைக் கவனியுங்கள்
பக்கி (மேடுபள்ளத்தில் ஓட்டும் திறந்த சிறு வண்டி) கட்டுவது பற்றிய கட்டுரையில், முன்சக்கரங்களை இயக்கும் காரின் எஞ்சினைப் பின்னால் வைத்தால் நான்கு ரிவர்ஸ் கியர்தான் கிடைக்கும் என்று சொல்லியிருப்பது பாதி உண்மை. மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை கியர்பாக்ஸோடு அப்படியே பின்னுக்கு நகர்த்தினால் சக்கரம் சரியாகத்தான் சுற்றும். 180 டிகிரி திருப்பி மாட்டினால்தான் சிக்கல். நாங்கள் பக்கி கட்டியபோது எங்களைப் படுத்தியது முன்சக்கரத்தோடு சேர்ந்து பின்னுக்கு வந்த ஸ்டியரிங் நக்கிள், அதாவது சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம். டை ராடை (நக்கிளை ஸ்டியரிங்கோடு இணைக்கும் கம்பி) சேசிஸில் பிராக்கெட் போட்டு அசையாமல் மாட்டாவிட்டால் பின்சக்கரம் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும், உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, வண்டியின் உயரத்துக்கு ஆசைப்பட்டு ஆக்சிலின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கோணத்தைக் கூட்டினோம். இரண்டாம் நாளே ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து ரிம்மெல்லாம் கிரீஸ். எஞ்சின் பின்னால் போனால் ரேடியேட்டரை எங்கே வைப்பது என்று கேட்ட நண்பருக்கு: முன்னாலேயே வைக்கலாம், ஆனால் நீளக் குழாயில் காற்று தங்கும், உயரமான இடத்தில் அந்தக் காற்றை வெளியேற்ற ஒரு பிளீட் ஸ்குரூ கட்டாயம் வையுங்கள்.