செவ்வாழை ஒரு மண்டலம் போதாது, தட்டு இரண்டுமே மாறணும்

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனதும் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கிற சொந்தபந்தம், அடுத்த மாதமே வைத்தியமும் சொல்ல ஆரம்பித்துவிடும். உளுந்தங்களி, அத்திப்பழம், மாதுளை, வெந்தயம் எல்லாம் மருமகள் தட்டுக்கு வந்து சேரும். மகனுக்கு மட்டும் ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா, சால்னா. மிஞ்சிப்போனால், ஒரு மண்டலம் சாப்பிட்டால் குழந்தை தங்கும் என்று சொல்லி, தினம் ஒரு செவ்வாழை. இந்த ஓரவஞ்சனையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. ஒரு விந்தணு உருவாகி முழுமை பெற 74 நாள் ஆகும். அது முதிர்ந்து நகரும் திறன் பெற மேலும் சில நாட்கள். கருமுட்டையின் கடைசிக் கட்ட வளர்ச்சிக்கும் ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். 48 நாள் மண்டலக் கணக்கு இதற்கு எட்டவே எட்டாது. இன்று மாற்றுகிற சாப்பாட்டின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். பத்து நாள் பத்தியம் இருந்துவிட்டு டெஸ்ட் எடுத்துப் பார்ப்பது வீண். செவ்வாழை நல்ல பழம்தான், சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள்.

முதலில் மதியத் தட்டைப் பார்ப்போம். சோறு மலை மாதிரி, அதன் மேல் சாம்பார், ஓரமாக உருளைக்கிழங்கு வறுவல், ஒரு அப்பளம். "பருப்பு சாப்பிடுறோமே, புரதம் வந்துடுமே" என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு பத்து கிராம் தேறினால் அதிகம்; அதில் புரதம் 2 கிராம்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராமாவது வேண்டும். சாம்பாரை மட்டும் நம்பினால் இருபத்தைந்து கரண்டி குடிக்க வேண்டியிருக்கும்!

அதனால் தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கில் கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி என்று ஏதாவது ஒன்று. கடையில் கிடைக்கும் உலர்ந்த கொண்டைக்கடலையில் 50 கிராமை ஊறவைத்து வேகவைத்தால் 10 கிராம் புரதம் கிடைத்துவிடும். ஒரு முட்டையில் 6 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் ஒரு நாளைக்குக் காய்கறி மட்டும் 400 கிராம். அளந்து பாருங்கள், நம்மில் பலர் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

மீன் சாப்பிடுகிறவர்கள் மத்தி, அயிலை, நெத்திலி வாங்குங்கள், வாரம் இரண்டு முறை. ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்பு நிறைய, பாதரசம் குறைவு, விலையும் கட்டுப்படியாகும். சுறா, மயில்மீன் மாதிரி பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். கருத்தரிக்க முயலும் பெண்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

இரும்புச்சத்துக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை சமைக்காத வீடா? சமைக்கிறோம், ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறோம். கீரை, பருப்பில் உள்ள இரும்பை டீயும் காபியும் உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீரையை நறுக்கும் முன்பே கழுவுங்கள். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து வேகவையுங்கள், வடித்துக் கொட்டாதீர்கள். ஃபோலேட் என்ற பி வைட்டமின் அந்தத் தண்ணீரோடு போய்விடும். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி சூட்டில் அழிந்துவிடும்.

கீரை எவ்வளவு தின்றாலும் ஃபோலிக் ஆசிட் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) மாத்திரைக்கு ஈடாகாது. குழந்தையின் மூளையும் தண்டுவடமுமாக வளரும் குழல் சரியாக மூட அது தேவை; அந்தக் குழல் கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிலக்கு தள்ளிப்போனதைப் பல பெண்கள் கவனிப்பதே அப்போதுதான். அதனால் கருத்தரிக்க முயலும் முன்பே, குறைந்தது ஒரு மாதம் முன்னாடியே, தினம் 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை என்றிருந்தால் அளவு அதிகம் தேவைப்படலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் முட்டை வெளியாவது தடுமாறும் பிரச்சினை) உள்ளவர்கள் உளுந்தங்களியில் கருப்பட்டியைத் தாராளமாகப் போட்டு "இது சர்க்கரை இல்லையே" என்று தேற்றிக்கொள்கிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், இன்சுலினுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. களி வேண்டுமானால் உளுந்து கூட்டி, இனிப்பைப் பாதியாக்கி, ஒரு சின்னக் கிண்ணம். எடை கூடியிருப்பவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளியாவது சீராகிறது. 70 கிலோவுக்கு மூன்றரைக் கிலோவிலேயே மாற்றம் தெரியலாம். ஆனால் ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் பட்டினி கிடந்தால் மாதவிலக்கே நின்றுபோகும்.

உப்பிலும் ஒரு விஷயம். இந்துப்பு, பிங்க் உப்பு மோகத்தில் அயோடின் உப்பை விட்டுவிடுகிறார்கள். அயோடின் குறைந்தால் தைராய்டு குழம்பும், தைராய்டு குழம்பினால் கருத்தரிப்பும் தள்ளிப்போகும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். ஒன்றாகப் போட்டால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது. சுத்த சைவம் என்றாலோ மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை நீண்ட நாள் போட்டாலோ ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள்.

இனி ஆண்கள். ஆன்லைனில் விற்கும் துத்தநாகம், ஃபோலிக் ஆசிட் கலந்த "விந்தணு பூஸ்டர்" டப்பாக்களுக்குக் காசு கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடத்தி 2020ல் வெளியான பெரிய ஆய்வில், கணவர்கள் ஆறு மாதம் துத்தநாகம் 30 மில்லிகிராமும் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராமும் எடுத்தும் விந்தணுவின் தரமோ குழந்தைப் பிறப்போ கூடவில்லை. அந்தக் காசுக்குப் பாதாம், நிலக்கடலை, முட்டை, மத்தி மீன் வாங்கலாம். குட்கா, சிகரெட், சரக்கு மூன்றையும் நிறுத்தாமல் மாதுளை ஜூஸ் குடிப்பதில் அர்த்தமே இல்லை. ஜிம்மில் உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் விந்தணு உற்பத்தி அடங்கிவிடும், சிலருக்குப் பூஜ்யத்துக்கே போகும். நிறுத்திய பிறகு திரும்ப வரப் பல மாதங்கள் ஆகும். ஆண்மை கூடும் என்று போடுகிற ஊசி செய்கிற வேலை இது.

சாப்பாட்டால் அடைபட்ட கருக்குழாய் திறக்காது, விந்துவில் அணுவே இல்லாத நிலையும் பெரும்பாலும் மாறாது. மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், 35 தாண்டினால் ஆறு மாதம் முயன்று பாருங்கள், பிறகு டாக்டரிடம் போங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லை என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். மனைவிக்கு ஸ்கேன் எடுக்கும்போதே கணவருக்கும் விந்து பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்திருந்தால் சொல்லிவிடுங்கள், அது இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கையைக் குறைக்கும். வீட்டில் சாப்பிடுகிற லேகியம், சூரணம், புரோட்டீன் பவுடர் டப்பாக்களையும் டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.