துவைத்த சேலையோடு நள்ளிரவுத் திருப்பலி

சென்னை வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டம் வடிவதற்குள் கிறிஸ்துமஸ் கூட்டம் தொடங்கிவிடுகிறது. கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த விற்பனையை நம்பித் தையல்காரர் முதல் நடைபாதை வியாபாரி வரை எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. என் வருத்தமெல்லாம் விசுவாசிகளாகிய நம்மைப் பற்றியது.

கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். குருவானவர் ஊதா உடை அணிவதும், ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' கீதம் பாடப்படாததும் அது காத்திருக்கும் காலம் என்பதால்தான். கொண்டாட்டம் 25ஆம் தேதி தொடங்கி, இயேசு திருமுழுக்குப் பெற்றதை ஜனவரியில் நினைவுகூரும் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை நீள வேண்டும். நாமோ டிசம்பர் முழுவதும் கொண்டாடிவிட்டு, கிறிஸ்துமஸ் காலம் உண்மையில் தொடங்கும்போது களைத்துப்போகிறோம்.

2023ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3 அன்று வந்தது. மறுநாள் மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் மூழ்கின. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. நனைந்த பாயையும் அரிசியையும் தெருவில் காயவைத்துக்கொண்டிருந்த எங்கள் அன்பியத்தைச் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழு) சேர்ந்த பெண் ஒருவர், ஒரு வாரம்கூடக் கோயிலைத் தவறவிடாதவர், அந்த ஆண்டு நள்ளிரவுத் திருப்பலிக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டேன். "பிள்ளைங்களுக்குப் புதுத்துணி எடுக்க முடியலக்கா, பழசைப் போட்டுக்கிட்டு அன்னிக்கு எப்படி வர்றது?" என்றார்.

அந்தக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. லூக்கா நற்செய்தியில் இடையர்களுக்குத் தரப்பட்ட அடையாளமே, துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட ஒரு குழந்தைதான். அந்தக் குழந்தையைக் காண வருவதற்குப் புதுத்துணி வேண்டும் என்ற சட்டத்தை எந்தக் கடையும் போடவில்லை. பக்கத்து வரிசையில் இருப்பவரின் உடையைப் பார்க்கும் நம் கண்கள்தான் போட்டன.

பரிசு கொடுப்பது தவறென்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலவரான புனித நிக்கோலாஸ், 4ஆம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயர். வறிய தந்தை ஒருவரின் மூன்று மகள்களுக்காக, யாருக்கும் தெரியாமல் இரவில் சன்னல் வழியே பொன்முடிப்பு போட்டார் என்பது மரபுக் கதை. நாம் ஐந்து கிலோ அரிசி கொடுக்கும்போதே, வாங்குபவரைப் புகைப்படத்துக்குத் திரும்பி நிற்கச் சொல்கிறோம்.

இந்த ஆண்டு எங்கள் வீட்டில் புத்தாடை எடுக்கவில்லை. துவைத்த பழைய சேலையோடுதான் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிறேன். போகும் வழியில் அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, முதல் வரிசையில் உட்காரப்போகிறோம்.