கேமிங் லேப்டாப் சூடானால் காரைக்குடி வெயில்மேல் பழி போடாதீர்கள்

லேப்டாப் கொதிக்கிறது, ஆட்டம் நடுவில் திக்குகிறது என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால் முதலில் வரும் பதில் இதுதான்: "உங்க ஊர் வெயில் அப்படி சார், கட்டில்ல வச்சு விளையாடாதீங்க, ஒரு கூலிங் பேட் வாங்கிக்கங்க." காரைக்குடியில் லேப்டாப் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு யாரும் திரும்பி வராதீர்கள். தூசி, வெயில் எல்லாம் உண்மைதான். ஆனால் நான் திறந்து பார்க்கிற பல மெஷின்களில் கோளாறு டிசைன் போட்ட அன்றே உள்ளே வைத்து மூடப்பட்டிருக்கிறது.

போன வாரம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் தம்பி கொண்டுவந்ததையே சொல்கிறேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர் அப்பா அங்கிருந்து வாங்கி அனுப்பியது. அடிமூடியில் பாதிப் பரப்புக்கு வரிசையாக ஓட்டைகள், பார்க்க அவ்வளவு அழகு. கழற்றி உள்பக்கம் திருப்பினால் அதில் பெரும்பகுதி அடைத்த பிளாஸ்டிக்! ஃபேனுக்கு நேராக இருக்கிற இடத்திலேயே பாதிதான் திறந்திருக்கிறது. உள்ளே வரும் காற்று வழி மாறிப் போகாமல் இருக்க சில இடங்களை வேண்டுமென்றே அடைப்பார்கள், அது நியாயம். ஃபேன் மூச்சு இழுக்கிற வாயையே மூடுவது எந்த நியாயத்தில் சேரும்? போதாததற்கு அடியில் உள்ள ரப்பர் கால்கள் சில மில்லிமீட்டர் உயரம்தான். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை முட்டுக்கொடுத்தேன், ஜிபியூவின், அதாவது ஆட்டத்தின் படத்தை வரைகிற கிராஃபிக்ஸ் சிப்பின் சூடு கண்ணெதிரே சில டிகிரி இறங்கியது. பாட்டில் மூடி செய்கிற வேலையை லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கிய பொருளின் கால் செய்யவில்லை.

அடுத்தது ஹீட் பைப். செம்புக் குழாய், உள்ளே துளியளவு தண்ணீர். சிப் பக்கம் ஆவியாகி, ஃபேன் பக்கம் இருக்கிற தகடுகளில் குளிர்ந்து, குழாயின் உட்சுவர் வழியாக ஊறித் திரும்பவும் சிப்புக்கே வரும். அருமையான ஏற்பாடு. ஆனால் லேப்டாப் ஒல்லியாக இருக்கவேண்டும் என்று குழாயைத் தட்டையாக நசுக்கினால் அது சுமக்கும் சூட்டின் அளவு குறைந்துவிடும். எல்லை தாண்டினால் திரும்பும் தண்ணீர் போதாமல் சிப் பக்கம் காய்ந்துபோகும், அப்புறம் அது வெறும் செம்புத் துண்டுதான். இது போதாதென்று ஒரே குழாயை சிபியூ (மெயின் பிராசஸர்), ஜிபியூ இரண்டின் மேலும் ஓட்டிவிடுகிறார்கள். சிபியூ 95 டிகிரியில் கொதித்தால் அந்தச் சூடு ஜிபியூ தலையிலும் ஏறுகிறது. ஆட்டத்தில் ஜிபியூ திணறுகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கைவைப்பது சிபியூவில்தான். விண்டோஸ் பவர் செட்டிங்கில் பிராசஸரின் உச்ச அளவை 99 சதவீதம் என்று வைத்தால் டர்போ, அதாவது அது தானாகக் கூடுதல் வேகம் எடுப்பது, நின்றுவிடும். பெரும்பாலான ஆட்டங்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு) பெரிதாகக் குறையாது, ஜிபியூ சூடு நன்றாகவே இறங்கும். செலவே இல்லாத வைத்தியம்.

தூசியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைத்தான் வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்கள். தூசி எங்கே சேர்கிறது? ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில், உள்பக்கம். வெளியிலிருந்து பிரஷ் போட்டாலும் எட்டாது, ஊதினாலும் போகாது. அடிமூடி, ஃபேன் திருகு என்று எல்லாவற்றையும் கழற்றினால்தான் அந்தச் சாம்பல் நிறப் படலத்தை ஒரே துண்டாக உரித்து எடுக்க முடியும். அந்த இடத்துக்கு நேராக ஒரு சின்னக் கதவு, இரண்டு திருகு, அவ்வளவுதான் கேட்கிறோம். பழைய லேப்டாப் பலவற்றில் அடியில் தனி மூடி இருந்தது, வீட்டிலேயே திறந்து துடைத்தோம்.

மெமரி சிப் மேல் வைக்கிற, சூட்டைக் கடத்தும் மெத்தையான தெர்மல் பேட் கொஞ்சம் தடித்துப்போனாலும் ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக்கொள்கிற உலோகப் பகுதி) ஜிபியூ மேல் சரியாக உட்காராது. மேலோட்டமான சூடு 80 காட்டும், ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பிலேயே அதிகம் கொதிக்கிற புள்ளி, 100-ஐத் தாண்டி நிற்கும். இந்த இரண்டுக்கும் 20, 25 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவுகிற பேஸ்ட்டையோ, ஹீட்சிங்க் அழுந்தி உட்கார்வதையோ சந்தேகப்படுங்கள். லேப்டாப் சிப்புக்கு மேல் உலோகத் தொப்பி கிடையாது, சூடாகி ஆறி சூடாகி ஆறி சாதாரண பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். அதனால்தான் நான் இப்போது பேஸ்ட்டுக்குப் பதிலாக, சூட்டில் இளகுகிற பிடிஎம் 7950 ஷீட்டைப் போடுகிறேன், அது அப்படிப் பிதுங்குவது குறைவு. பேஸ்ட் இடத்தில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் காலியம் இருக்கிறது, அலுமினியத்தில் பட்டால் அரித்துத் தின்றுவிடும், போர்டில் ஒரு துளி ஒழுகினால் ஷார்ட். உலோக அரிமானத்தை ஆராய்கிற சிக்ரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை யூடியூப் பார்த்து வீட்டில் செய்யாதீர்கள்.

வாடிக்கையாளரைக் குறை சொல்வது புதிதும் அல்ல. 2008 ஜூலையில் கிராஃபிக்ஸ் சிப் கம்பெனியான என்விடியா தன்னுடைய பழைய லேப்டாப் சிப்புகள் அளவுக்கு மீறிப் பழுதாவதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பின் பேக்கேஜ் பொருள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டார்கள், கூடவே லேப்டாப்பின் குளிர்விப்பு அமைப்பையும் வாடிக்கையாளர் பயன்படுத்தும் விதத்தையும் காரணமாகச் சேர்த்துக்கொண்டார்கள். லேப்டாப்பை ஆன் பண்ணி, ஆஃப் பண்ணிப் பயன்படுத்தாமல் வேறு எப்படிப் பயன்படுத்துவது? அந்தக் காலத்தில் ஹாட் ஏர் அடித்து உயிர் கொடுத்த போர்டுகள் பல கொஞ்ச நாளில் மறுபடியும் செத்தன.

இனி வெயிலுக்கு வருவோம். பல லேப்டாப் மேனுவலில் 35 டிகிரி வரை இயக்கலாம் என்றுதான் போட்டிருக்கும். சித்திரை மாதம் மூன்று மணிக்கு தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ ஒரு கான்கிரீட் மாடி அறைக்குள் போய் நில்லுங்கள், 35 எப்போதோ தாண்டியிருக்கும். 25 டிகிரி ஏசி அறையில் 80 காட்டிய ஜிபியூவுக்கு 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 13 டிகிரி கூடவேண்டும். 87 பக்கம் போனதுமே அது தானாக வாட்டை, அதாவது தான் இழுக்கிற மின்சாரத்தை, குறைத்துக்கொள்ளும், அந்த நேரத்தில்தான் ஆட்டம் திக்குகிறது. இந்தியாவில் விற்கிறவனுக்கு இது தெரியாதா? கரண்டே இல்லாத காலத்தில் நம்ம செட்டிநாட்டு வளவு வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கு, முகப்பில் நுழைகிற காற்று முற்றம் வழியாக மேலே போகவேண்டும் என்று தெரிந்திருந்தது.

வாங்கப் போகிறவர்கள் ஜிபியூ பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்கு என்விடியா கொடுத்திருக்கும் அளவே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. இரண்டு லேப்டாப்பிலும் ஒரே ஸ்டிக்கர் இருக்கும், உள்ளே வாட் மூன்று மடங்கு வித்தியாசப்படலாம். எத்தனை வாட் என்று கடையில் கேளுங்கள், அரை மணி நேரம் கேம் ஓடிய பிறகும் அந்த வாட் நிற்கிறதா என்று ரிவ்யூவில் பாருங்கள். சூடான காற்று வலது பக்கம், மவுஸ் பிடிக்கிற கைமேல் அடிக்கிற மாடலைத் தொடவே வேண்டாம். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அடிப்பக்கத்தின் படத்தை நெட்டில் தேடி, ஃபேன் இருக்கிற இடம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வாரன்டி இருக்கும்போது சூடு ஏறினால், வாட், சூடு, ஹாட்ஸ்பாட் மூன்றும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டும் அறை வெப்பநிலையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் வெயில் என்றே எழுதி மூடிவிடுவார்கள்.