மாமா போட்ட திட்டம்

(சனிக்கிழமை இரவு. அக்கா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். தம்பி ஒரு தாளை விரித்துக்கொண்டே உள்ளே வருகிறான்.)

தம்பி: அக்கா, நாளைக்கு நீயும் அத்தானும் கால் நீட்டிப் படுங்கள். பிள்ளைகள் இரண்டு பேரையும் நான் ஊர் சுற்றக் கூட்டிப் போகிறேன். திட்டம் தயார்.

அக்கா: படி, கேட்கிறேன்.

தம்பி: ஒன்பதுக்கு மிருகக்காட்சி சாலை. பத்தே முக்காலுக்கு அருங்காட்சியகம். பன்னிரண்டரைக்குக் கோளரங்கம். இரண்டு மணிக்குப் படகு. மூன்றரைக்கு...

அக்கா: சின்னவளுக்கு நாலு வயசுதான், ஞாபகம் இருக்கிறதா?

தம்பி: அதனால் என்ன?

அக்கா: அவள் செருப்பு மாட்டி முடிக்கவே ஒன்பதே முக்கால் ஆகும். எந்தக் கால் எது என்று அவளேதான் கண்டுபிடிப்பாள். நீ கை வைத்தால் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

தம்பி: சரி, மிருகக்காட்சி சாலையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அருங்காட்சியகத்தைத் தொடாதே. குழந்தைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகத்தை 1899-லேயே நியூயார்க்கின் புரூக்ளினில் திறந்திருக்கிறார்கள், தெரியுமா?

அக்கா: அதில் பாத்ரூம் எந்தப் பக்கம்?

தம்பி: எனக்கெப்படித் தெரியும்!

அக்கா: நாளைக்குப் போகிற இடத்தில்?

தம்பி: போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா: "மாமா, வருது" என்பாள். அதற்கப்புறம் உனக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் பாத்ரூமைப் பார்த்து வை. டைனோசரெல்லாம் அப்புறம்.

தம்பி: அக்கா, டைனோசர் அழிந்து 6.6 கோடி வருஷம் ஆகிறது.

அக்கா: அவ்வளவு காலம் காத்திருந்தது இன்னும் ஐந்து நிமிஷம் காத்திருக்கும். இவள் காத்திருக்க மாட்டாள். பெரியவன் கதை வேறு. கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னால் கண்ணாடியை நக்குவான். திருகுகிற மாதிரி, அமுக்குகிற மாதிரி ஏதாவது இருந்தால் உள்ளேயே குடியிருப்பான்.

தம்பி: அதற்கும் ஆள் இருக்கிறார்! சான் பிரான்சிஸ்கோவில் 1969-ல், எல்லாவற்றையும் தொட்டு, இயக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு அறிவியல் கூடத்தைத் திறந்தவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி.

அக்கா: அண்ணன் குண்டு செய்தார், தம்பி குழந்தைகளுக்கு உருப்படியாக ஒன்றைச் செய்தார். எல்லா வீட்டிலும் தம்பி அப்படி அமைவதில்லை.

தம்பி: (காதில் விழாதது போல) கோளரங்கம். கூரையில் நட்சத்திரங்களைக் காட்டுகிற நவீனக் கருவியை 1923-ல் ஜெர்மனியின் மியூனிக்கில்...

அக்கா: இருட்டு. ஏசி. சாய்வு நாற்காலி. சின்னவள் பயந்து அலறுவாள். பெரியவன் சனிக்கு எத்தனை நிலா என்று கத்துவான். நீ குறட்டை விடுவாய். மூன்று பேரையும் யார் வெளியே கூட்டி வருவது? அடித்துவிடு அதை.

தம்பி: (அடித்துக்கொண்டே) படகு?

அக்கா: குட்டித் தூக்கம் போடுகிற நேரத்தில் அவளைப் படகில் ஏற்றினால், ஏரியில் இருக்கிற மீனெல்லாம் கரைக்கு வந்து புகார் கொடுக்கும்.

தம்பி: அப்படியென்றால் மிச்சம் இருப்பது மிருகக்காட்சி சாலையும் அருங்காட்சியகமும்தான்!

அக்கா: ஒன்றே போதும். மிருகக்காட்சி சாலைக்கே போங்கள். திறக்கிற நேரத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் எல்லாம் நிழலில் போய்ச் சுருண்டுகொள்ளும்.

தம்பி: சிங்கம்கூடவா?

அக்கா: சிங்கம்தான் முதலில். ஒரு நாளைக்குப் பதினாறிலிருந்து இருபது மணி நேரம் படுத்தே கிடக்கிற ஜென்மம். உன்னைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்கு அது ஒன்றும் புதிதில்லை. நேராக ஒட்டகச்சிவிங்கியிடம் கூட்டிப் போ. அதன் நாக்கு 45 சென்டிமீட்டர் நீளம் என்று பெரியவன் சொல்வான். முதல் தடவை கேட்கிற மாதிரி வாயைப் பிள.

தம்பி: எனக்கு அது நிஜமாகவே முதல் தடவைதான். சின்னவளுக்கு?

அக்கா: அவள் யானைக்கு முன்னால் உட்கார்ந்து எறும்பைப் பார்ப்பாள்.

தம்பி: டிக்கெட் எடுத்துப் போய் எறும்பா?

அக்கா: பார்க்க விடு. "அங்கே பார், யானை" என்று அவள் தாடையைப் பிடித்துத் திருப்பாதே. கடித்துவிடுவாள்.

தம்பி: யானையா?

அக்கா: சின்னவள்.

தம்பி: இப்போதுதான் எனக்குப் புரிகிறது. டென்மார்க்கில் சோரன்சன் என்று ஒரு பூங்கா வடிவமைப்பாளர். அவர் அமைத்த விளையாட்டு மைதானங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் வேறு எங்கெங்கோ போய் விளையாடுவதைப் பார்த்தார். அந்த யோசனையில்தான் 1943-ல் கோபன்ஹேகனில் பழைய பலகை, செங்கல் என்று வேண்டாத சாமானாகப் போட்டு ஒரு மைதானம் வந்தது. பிள்ளைகளே கட்டி, இடித்து விளையாடலாம்.

அக்கா: என் ஹாலை வந்து பார்த்திருந்தால் அந்த மனிதருக்கு அவ்வளவு யோசனையே தேவைப்பட்டிருக்காது. சரி, இன்னொன்று. கிளம்பும்போது இரண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்.

தம்பி: ஞாபகார்த்தமாகவா?

அக்கா: யாராவது தொலைந்தால் என்ன நிறச் சட்டை என்று கேட்பார்கள். பதற்றத்தில் உனக்கு உன் சட்டையே ஞாபகம் இருக்காது. இரண்டு பேர் கையிலும் என் போன் நம்பரை எழுதிவிடு.

தம்பி: என் நம்பர் வேண்டாமா? கூடப் போவது நான்தானே?

அக்கா: உன் கையிலும் என் நம்பரையே எழுதிக்கொள்.

தம்பி: (பெருமூச்சோடு) சரி. காலையில் எட்டரைக்கு வருகிறேன். அதற்குள் எழுப்பிவிடுவாயா?

அக்கா: எழுப்புவதா? பள்ளிக்கூட நாளில்தான் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே எழுந்து கட்டிலில் குதிப்பார்கள். நீ இங்கேயே படுத்துக்கொள்.

தம்பி: மிருகக்காட்சி சாலை திறப்பதே ஒன்பதுக்குத்தானே. அதுவரைக்கும்?

அக்கா: அதுவரைக்கும் அவர்களுக்கு நீதான் மிருகக்காட்சி சாலை.