நமக்கு விடுமுறை, ஏரிக்குக் கோடை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், பள்ளி விடுமுறை விட்ட கையோடு குடும்பத்துடன் வேடந்தாங்கலுக்குப் போனோம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஏரியில் தண்ணீர் இல்லை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த மண்ணில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பறவை பார்ப்பதற்கென்று அண்ணனிடம் இரவல் வாங்கிவந்த தொலைநோக்கி பையை விட்டு வெளியே வரவேயில்லை. சாலையோரம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர், "கார்த்திக பொறந்து ஏரி ரொம்பட்டும், அப்புறம் வாங்க சார். இப்ப வந்து என்னத்தப் பாப்பீங்க?" என்றார். வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கும்போது கதவைத் தட்டுபவரிடம் பக்கத்து வீட்டார் தகவல் சொல்வார்களே, அந்தத் தொனியில் சொன்னார்.

பயணம் குறித்து எனக்கு இருக்கும் ஒரே உறுதியான கருத்து அன்றைக்குத் தோன்றியதுதான். எங்கே போவது என்று மாதக்கணக்கில் பேசுகிற நாம், எப்போது போவது என்பதைப் பள்ளி நாட்காட்டியிடமும் அலுவலகத்தின் விடுமுறைப் பட்டியலிடமும் ஒப்படைத்துவிடுகிறோம். பார்க்கப் போகும் இடத்துக்கும் ஒரு நாட்காட்டி உண்டு என்பது நினைவுக்கு வருவதில்லை.

அடுத்த தை மாதம், ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு மீண்டும் போனேன். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரியின் நடுவே மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. கிளைக்குக் கிளை நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் கூடு கட்டியிருந்தன. மாலை நான்கரை மணிக்கு மேல், இரை தேடப் போயிருந்தவை கூட்டம் கூட்டமாகத் திரும்பத் தொடங்கியபோது, பேச்சுக் குரல் கேட்காத அளவுக்கு இரைச்சல். பறவைகளின் எச்சம் கலந்த இந்த ஏரித் தண்ணீர்தான் சுற்றிலும் உள்ள வயல்களுக்குப் பாய்கிறது. உரத்தின் அருமை தெரிந்த உழவர்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து, 1798இலேயே அன்றைய செங்கல்பட்டு ஆட்சியரிடம் உரிமை பெற்றார்கள் என்பது வரலாறு. மழை, ஏரி, பறவை, நெல் என்று ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சுழலும் அந்தச் சக்கரத்தில் மே மாதம் என்பது ஓய்வு. நான் முதல்முறை போனது அந்த ஓய்வு நேரத்தில்.

கல்லுக்கும் இது பொருந்தும் என்பதை மாமல்லபுரத்தில் கற்றேன். சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வந்த ஒரு சனிக்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் ஊர்ந்து, நண்பகலில் அருச்சுனன் தபசு முன்பு போய் நின்றோம். உச்சி வெயிலில் அந்தப் பாறை முழுவதும் ஒரே வெளிறல்; இத்தனை உருவங்களுக்கும் ஆழமே இல்லாததுபோல் தெரிந்தது. அந்தச் சிற்பத் தொகுதி கிழக்கு நோக்கியது. பிறகு ஒருமுறை, இருள் பிரியும் முன்பே அடையாற்றிலிருந்து கிளம்பிப் போய், கடல் பக்கமிருந்து வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அதே இடத்தில் நின்றேன். யானையின் காலடியில் இருக்கும் குட்டிகளும், ஆற்றில் நீராடிவிட்டுத் துணி பிழிபவரும், கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளும் தத்தம் நிழலோடு பாறையிலிருந்து எழுந்து வந்தன. சிற்பி எந்த வெளிச்சத்தை மனத்தில் வைத்து உளி பிடித்தான் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நண்பகல் வெளிச்சத்தை அல்ல என்று மட்டும் பந்தயம் கட்டுவேன்.

நகரத்தைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழாகிறது. ஜார்ஜ் டவுனை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பார்க்க வேண்டும். கடைகள் அடைத்து, தள்ளுவண்டிகள் ஒதுங்கியிருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் தலையை உயர்த்தி, விளம்பரப் பலகைகளுக்கு மேலே எஞ்சியிருக்கும் பழைய மாடிகளையும் மரச் சட்டங்களையும் பார்க்க வாய்க்கிறது.

எல்லாவற்றிலும் கறாரான நேரம் கடலாமையினுடையது. ஜனவரி முதல் மார்ச் வரை, இரவில்தான், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. பெயரிலேயே மாதத்தை வைத்திருக்கும் உயிரினத்திடம் நம் வசதியைப் பேச முடியாது. 1988 முதல் மாணவர் குழுவொன்று இரவு நெடுக நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது. அவர்களோடு ஒரு வெள்ளிக்கிழமை இரவு விடியும்வரை நடந்தும் ஓர் ஆமையைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த இரவை வீண் என்று சொல்ல மாட்டேன். ஊரில் ஒன்பது மணிக்கு மேல் விளக்கை அணைத்தால் என்ன என்று முதன்முறையாக யோசித்தேன். வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நகரும் குஞ்சுகள், நம் தெருவிளக்கைப் பார்த்துச் சாலைப் பக்கம் போய்விடுகின்றன. ஆமைகள் சிக்கிச் சாகும் வலைகளை இழுக்கும் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமும் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. ஆமைகள் வந்து போனதற்குப் பிறகு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்தில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற முன் அனுமதி வந்தபோது, என் நட்பு வட்டத்தில் பலர் கொதித்தார்கள். எனக்கு அது சரி என்றே பட்டது, இப்போதும் படுகிறது. ஆனால் அது பாதி வேலை. பன்னிரண்டு மாதங்களுக்குப் பரவ வேண்டிய கூட்டத்தை ஆறு வாரங்களில் திணிப்பது நம் விடுமுறை முறைதான். அதைத் தொடாமல் மலையடிவாரத்தில் வண்டிகளை எண்ணினால் எவ்வளவு தேறும்? பள்ளிகள் மாவட்டவாரியாக விடுமுறையை முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். நிறுவனங்கள் ஆண்டுக்கு இரண்டு நாள் விடுப்பைக் கேள்வி கேட்காமல் தரலாம். நாள் கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சே சலுகை பெற்றவர்களின் பேச்சாகத் தோன்றும் என்பதை அறிவேன். அதனால்தான் உதகையை விட்டுவிட்டு, ஒரு இரவிலோ ஒரு விடியலிலோ பேருந்தில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றி இவ்வளவு நேரம் எழுதினேன்.

வரும் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமைக்கு விடுப்பு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு, 'நத்தைகுத்தி நாரை' என்று எழுதியிருக்கிறேன். மேலாளர் கையெழுத்துப் போட்டால் தெரிவிக்கிறேன்.