எல்பி தட்டுகளைக் கணினியில் ஏற்ற எந்த சாஃப்ட்வேர்?

'24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் எல்பி தட்டுகளைப் பதிய எது நல்ல சாஃப்ட்வேர்?' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த 192ஐத்தான் பார்க்கிறார்கள். நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளக்கிறது என்ற சாம்பிள் ரேட் அது; பிட் என்பது ஒவ்வொரு அளவின் நுணுக்கம். அந்த 192 இலவச சாஃப்ட்வேரான ஆடாசிட்டியிலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது வேறு. ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை டிஜிட்டலாக்கிக் கணினிக்கு அனுப்பும் கருவி) கொடுப்பதை அந்த சாஃப்ட்வேர் கை வைக்காமல் அப்படியே வாங்கிச் சேமிக்கிறதா?

விண்டோஸில்தான் இது சறுக்கும். ஆடாசிட்டியில் ஆடியோ ஹோஸ்ட், அதாவது விண்டோஸிடமிருந்து ஒலியை வாங்கும் வழி, பழைய எம்எம்இ என்று இருந்தால், மற்ற செட்டிங்கில் 24 பிட் என்று போட்டிருந்தாலும் உள்ளே வருவது 16 பிட்தான். அதைப் புதிய வழியான வாசாபிக்கு மாற்ற வேண்டும். விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கிலும் அந்த இன்டர்ஃபேஸுக்கு நீங்கள் பதியும் அதே அளவை வைக்க வேண்டும்; எனக்கு அது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். இல்லாவிட்டால் நடுவில் விண்டோஸே சாம்பிள் ரேட்டை மாற்றிவிடும், ஒரு வார்த்தை சொல்லாமல். ரீப்பர் போன்ற பதிவு சாஃப்ட்வேர்கள், விண்டோஸின் ஒலி அமைப்பைத் தாண்டி இன்டர்ஃபேஸோடு நேராகப் பேசும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை குறைவு.

சந்தேகமாக இருந்தால் பதிவின் ஸ்பெக்ட்ரத்தை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தைப் பாருங்கள். தூசியாலும் கீறலாலும் தட்டில் விழும் கிளிக் சத்தம் கேட்கும் எல்லைக்கு மேலேயும் பரவியிருக்கும். 22 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல எல்லாம் நின்றுபோனால், 96 என்று பெயர் போட்ட 44.1 கிலோஹெர்ட்ஸ் (சிடியின் அளவு) பதிவுதான் உங்கள் கையில் இருக்கிறது.

சரி, இவ்வளவு பிட் எதற்கு? தட்டின் ஒலி வீச்சு 70 டெசிபலைத் தாண்டுவது அபூர்வம். 16 பிட்டே 96 டெசிபல் தரும். ஆனால் 24 பிட் இருந்தால் உச்ச லெவலை மைனஸ் 10 டெசிபல் பக்கம் வைத்துவிட்டு நிம்மதியாக உட்காரலாம், ஒலி எல்லை மீறிக் கிளிப் ஆகுமோ (உடைந்து கேட்குமோ) என்ற பயம் இல்லை. 96 கிலோஹெர்ட்ஸில் கிளிக் கூர்மையாகத் தனித்துத் தெரியும், நீக்குவது சுலபம். அதனால் சாம்பிள் ரேட்டைக் குறைப்பதாக இருந்தால் கிளிக்கை நீக்கிய பிறகு குறையுங்கள். 192 எனக்கு வீண் சுமை: 40 நிமிடத் தட்டு ஒன்றுக்கே ஏறக்குறைய 2.8 ஜிபி. வேவ் ஃபைலுக்கு 4 ஜிபி எல்லை வேறு இருக்கிறது.

பதிவதற்கும் சுத்தம் செய்வதற்கும் ஒரே சாஃப்ட்வேரைத் தேடுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேலை. தானாகக் கிளிக் நீக்கும் எதுவும் ட்ரம்பெட்டின் கூர்மையைக் கிளிக் என்று நினைத்துத் தின்னக்கூடும். அதனால் மூலப் பதிவைத் தொடாமல், திருத்தங்களைத் தனியே குறித்துவைக்கும் வினைல்ஸ்டுடியோ எனக்குப் பிடிக்கும். அளவு மீறிவிட்டால் பின்வாங்கலாம். ஐஸோடோப் ஆர்எக்ஸ் என்ற சாஃப்ட்வேரில் நீக்கிய சத்தத்தை மட்டும் தனியாகக் கேட்கும் வசதி உண்டு. அதில் இசை கேட்டால் அளவைக் குறைக்க வேண்டியதுதான். ஆனால் வீட்டில் பத்திருபது தட்டு வைத்திருப்பவருக்கு அதன் விலை அதிகம்.

அப்படிப்பட்டவர் ஆடாசிட்டியில் பதியட்டும். மூலத்தை 24 பிட் ஃபிளாக்காக (தரம் குறையாமல் சுருக்கும் ஃபைல் வகை) ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பெரிய கிளிக்குகளை மட்டும் அதன் ரிப்பேர் வசதியால் கையால் சரிசெய்தால் போதும். பொரிவது போன்ற மெல்லிய சத்தத்தை நான் விட்டுவிடுவேன்.